படகில் பூத்த வெள்ளைப் பொடி

கேள்வி: எங்கள் காப்பித் தோட்டத்துக் குளத்தில் விடுவதற்காகக் கடற்கரையூர் ஒன்றிலிருந்து பழைய அலுமினியப் படகொன்றை வாங்கி வந்தோம். ஓராண்டுக்குள் அடித்தகட்டில் ஆங்காங்கே வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது; சில இடங்கள் கறுத்தும் போயின. அலுமினியம் துருப்பிடிக்காது என்றல்லவா விற்றவர் சொன்னார்? இனி நீரில் இறக்கலாமா?
– வாசகர், ஏற்காடு

பதில்: விற்றவர் சொன்னது பொய்யல்ல, துரு என்பது இரும்புக்கே உரியது. அலுமினியத்தின் மேல் காற்றுப் பட்டவுடன் உண்டாகும் மிக மெல்லிய ஆக்சைடு படலம், கீறல் விழுந்தாலும் தானே மூடிக்கொண்டு உலோகத்தைக் காக்கும். ஆனால் கடலுப்பிலுள்ள குளோரைடு அதை ஊசிமுனையளவு துளைத்துவிட்டால், அரிப்பு பக்கவாட்டில் பரவுவதைவிட ஆழத்தை நோக்கியே இறங்கும்.

கறுப்பைக் கண்டு அஞ்ச வேண்டாம். அலுமினியக் குண்டானில் வெந்நீர் வைத்தால் உட்புறம் கறுக்குமே, பெரும்பாலும் அதைப் போன்றதுதான். கவனிக்க வேண்டியது வெள்ளைப் பொடியைத்தான். அது பெரும்பாலும் அலுமினிய ஹைட்ராக்சைடு. உங்கள் சேர்வராயன் மலையில் வெட்டியெடுத்த பாக்சைட் என்னும் அலுமினியத் தாதுவிலும் முதன்மையாக இருப்பது அதே சேர்மம்தான். பாறையிலிருந்து பெரும் மின்சாரம் செலவழித்துப் பிரித்த உலோகம், வாய்ப்புக் கிடைத்தால் பழைய நிலைக்கே திரும்பப் பார்க்கிறது.

காய்ந்த சுண்ணாம்புச் சொட்டுப்போலத் தடித்திருக்கும் ஓரிடத்தை மூங்கில் குச்சியால் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். அடியில் தகடு சமமாக இருந்தால் அது மேலோட்டமானது. கடுகளவு குழி தென்பட்டால் அது குழியரிப்பு. வாய் சிறியதாக இருந்தாலும் உள்ளே அகன்றிருக்கக்கூடும் என்பதால், குண்டூசியை விட்டு ஆழத்தைப் பாருங்கள்.

பொடி எங்கே பூத்திருக்கிறது என்பதே காரணத்தையும் சொல்லிவிடும். போல்ட்டுகளைச் சுற்றி வளையமாக இருந்தால், பித்தளையோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ அலுமினியத்தை நேரடியாகத் தொட்டு, ஈரம் பட்டதும் மின்கலம்போல வேலை செய்கிறது என்று பொருள்; இடையில் நைலான் வாஷர் வையுங்கள். தளப்பலகைக்கு அடியில் இருந்தால், நனைந்த பஞ்சோ உதிர்ந்த இலைச் சருகோ காற்றுப் புகாதபடி ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். படகைச் சலவைச் சோடாவால் கழுவுவதும், ஈரம் காயாத புதுச் சிமென்ட் மேடையில் கிடத்துவதும் கூடாது. காரம் அந்தப் படலத்தையே கரைத்துவிடும். படகுக்குப் பதிலாகத் தாமே அரிபட்டு அதைக் காப்பதற்காக, கடலுக்கென்று பொருத்திய துத்தநாகக் கட்டிகள் அடியில் இருந்தால் கழற்றிவிட்டு, நன்னீருக்கேற்ற மெக்னீசியக் கட்டிகளைப் பொருத்துங்கள். அவற்றின் மேல் பெயின்ட் பூசினால் பயனில்லை.

சுத்தம் செய்ய நைலான் பிரஷ் போதும். இரும்புக் கம்பி பிரஷால் தேய்த்தால் இரும்புத் துகள் தகட்டில் பதிந்து புதிய அரிப்பைத் தொடங்கி வைக்கும்.

இறக்கும் முன், படகைத் தரையில் மரக்கட்டைகள் மேல் நன்றாகத் தாங்கி நிறுத்தி, உள்ளே நான்கு விரற்கடை உயரம் நீர் ஊற்றி, அடியில் கசிகிறதா என்று பாருங்கள். கசியும் இடத்தையும் ஆழக்குழி விழுந்த இடத்தையும் குறியிட்டு, சேலத்தில் ஆர்கான் வெல்டிங் தெரிந்த பட்டறையில் காட்டுங்கள். மாவுபோன்ற எம்-சீல் பூசி அடைப்பது ஒரு பருவத்துக்குக்கூட நம்பத் தக்கதன்று. குழந்தைகளும் ஏறும் படகென்றால் வெல்டிங் முடியும்வரை கரையிலேயே இருக்கட்டும்.