கடுகளவு புள்ளி

அன்புள்ள ஐயா,

டிப்ளமோ இ.சி.இ. முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். பி.சி.பி. டிசைன், அதாவது சர்க்யூட் போர்டு வடிவமைப்பு, கற்றுக்கொள்ள ஆசை. இங்கே ஒரு பயிற்சி நிலையத்தில் மூன்று மாதக் கோர்ஸுக்கு 45,000 ரூபாய் கேட்கிறார்கள். ஆல்டியம் என்ற டிசைன் சாஃப்ட்வேரைச் சொல்லித் தருவார்களாம். அதே வேலைக்கு இலவசமாகக் கிடைக்கும் கீகேடில் நானே பழகினால் போதாதா? கொஞ்ச நாளில் ஏ.ஐ.யே எல்லாம் வரைந்துவிடும் என்கிறார்களே, உண்மையா? நான் வரைந்த ஒரு பவர் சப்ளை சர்க்யூட்டை இணைத்திருக்கிறேன். சர்க்யூட் வரைவதும் அம்மா வாசலில் சிக்குக் கோலம் போடுவதும் ஒன்றுதான் என்று எனக்கு அடிக்கடித் தோன்றும்.

ம., திண்டுக்கல்

அன்புள்ள ம.,

கீகேட் போதும். 1992இல் பிரான்ஸில் ஒருவர் தனியாகத் தொடங்கியது, பிற்பாடு ஜெனீவாவின் சேர்ன் ஆய்வுக்கூடமே ஆள் போட்டு அதை வளர்த்தது. உங்கள் பவர் சப்ளையைத் தாங்காதா என்ன? ஏ.ஐ. பற்றி ஜோசியம் சொல்ல நான் கடை விரிக்கவில்லை.

கோல உவமை அழகாக இருக்கிறது. ஆனால் தப்பு. சிக்குக் கோலத்தில் இழை புள்ளியைச் சுற்றிக்கொண்டு போகும், தொடாது. சர்க்யூட்டில் புள்ளி வைத்த இடத்தில்தான் கம்பிகள் தொட்டுக்கொள்கின்றன. அம்மாவிடம் காட்டியிருந்தால் அவரே சொல்லியிருப்பார்.

அப்புறம் உங்கள் படத்தைத் திறந்தேன். 5 வோல்ட்டை நிலையாகத் தரும் 7805 ஐ.சி. நடுவில் இருக்கிறது. அதற்கு உள்ளே போகும் பக்கத்து 0.33 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், வெளியே வரும் பக்கத்து 0.1, இரண்டையும் கீழ் மூலையில் பெட்டி கட்டி ஒதுக்கி, லேபிள் ஒட்டி வைத்திருக்கிறீர்கள். ஒவ்வொரு பாகமும் தனிக்குடித்தனம். அந்த கெப்பாசிட்டர்கள் ஐ.சி.யின் காலடியில் உட்கார வேண்டியவை. படத்தில் மூலையில் இருந்தால், அதைப் பார்த்துப் பாகங்களுக்கு இடம் ஒதுக்கி லேஅவுட் போடுகிறவர் போர்டிலும் மூலையில்தான் வைப்பார். அவர்மேல் என்ன குற்றம்?

அதைக்கூட விட்டிருப்பேன். வலது பக்கத்தில் நான்கு கம்பிகள் ஒரே இடத்தில் கூடுகின்றன, கூட்டல் குறி மாதிரி. நடுவில் ஒரு புள்ளி. அதைப் பார்த்ததும் எனக்கு மூக்கில் அம்மோனியா வாடை அடித்தது.

1986. கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியின் டிராயிங் ஆபீஸில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தேன். டிரேசிங் பேப்பரில் இங்க் பேனாவால் வரைய வேண்டும். அதை அம்மோனியா பிரிண்ட் போட்டு மற்ற மேஜைகளுக்குக் கொடுப்பார்கள். பிரிண்ட் போடும் அறைக்குள் போய் வந்தால் கண்ணில் நீர் நிற்காது. ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) கார்டின் சர்க்யூட்டை என்னிடம் கொடுத்தார்கள். ரிலேக்குப் போகும் 12 வோல்ட் கம்பி மேலிருந்து கீழே இறங்குகிறது. ஐ.சி.களுக்கான 5 வோல்ட் கம்பி குறுக்கே போகிறது. தொடக்கூடாத இரண்டு கம்பிகள். நான் முதல் கோடு காய்வதற்குள் இரண்டாவதை இழுத்துவிட்டேன். சந்திப்பில் இங்க் தேங்கி, கடுகளவுக்கு ஒரு பொட்டு. பிரிண்டில் அது இன்னும் கொஞ்சம் பருத்தது.

லேஅவுட் மேஜையில் இருந்தவர் அந்தப் பிரிண்டைப் பார்த்துத்தான் மைலார் என்ற பிளாஸ்டிக் தாளில் கறுப்பு டேப் ஒட்டினார், நிஜ அளவுக்கு இரண்டு மடங்காக. டேப் ஓடும் இடம்தான் போர்டில் டிராக், அதாவது செம்புக் கோடு. புள்ளி இருந்தது, சேர்த்தார். முப்பது போர்டு வந்தது. முதல் போர்டுக்குக் கரண்ட் கொடுத்தார்கள். 74 வரிசை ஐ.சி.கள் 5 வோல்ட்டில் ஓடுபவை, 7க்கு மேல் தாங்காது. அதில் 12 ஏறியது. ஒரு ஐ.சி.யின் முதுகில் மயிரிழை அளவுக்கு வெடிப்பு, அப்புறம் அந்த நாற்றம்.

எங்கள் ஹெட் டிராஃப்ட்ஸ்மேன் சட்டைப் பையில் காகிதம் சுற்றிய பாதி பிளேடு எப்போதும் இருக்கும். திட்டுவார் என்று நின்றேன். அவர் என் டிரேசிங்கை வாங்கி, பிளேடின் நுனியால் அந்தப் பொட்டை மட்டும் சுரண்டினார். சுரண்டிய இடத்தில் திரும்ப இங்க் பட்டால் ஊறிவிடும். அதற்காகக் கட்டைவிரல் நகத்தால் தேய்த்து வழவழப்பாக்கினார். பிறகு உண்மையாகவே நான்கு கம்பிகள் சேரும் இன்னோர் இடத்தைக் காட்டினார். அங்கே நான் முறையாகத்தான் புள்ளி வைத்திருந்தேன். அதையும் சுரண்டினார். ஒரு கம்பியைச் சற்றுத் தள்ளி இறக்கி, அந்த ஒரு கூட்டல் குறியை இரண்டு "ட" மாதிரி, இல்லை, ஆங்கில டி எழுத்து மாதிரிப் பிரித்துப் போட்டார்.

"இப்போ புள்ளியே இல்லேன்னு வச்சுக்கோ. புரியுதா இல்லையா?"

புரிந்தது. கம்பி இன்னொன்றில் வந்து முட்டி நின்றால் சேர்ந்தே ஆக வேண்டும், வேறு அர்த்தம் கிடையாது. குறுக்கே கடந்து போனால் சேரவில்லை. இதை மட்டும் மீறாமல் வரைந்தால் புள்ளி அழிந்தாலும் சரி, இல்லாத புள்ளி முளைத்தாலும் சரி, படம் பொய் சொல்லாது. ரெசிஸ்டரின் மதிப்பை 4.7கே என்று எழுதாமல் 4கே7 என்று எழுதுவதும் இதனால்தான். நாலாவது நகலில் அந்தத் தசமப் புள்ளி போய்விட்டால் ரெசிஸ்டர் 47கே ஆகிவிடும், பத்து மடங்கு.

நமக்கு இது புதிதா? ஓலையில் புள்ளி குத்தினால் ஓட்டை விழும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமலே எழுதினார்கள். படிக்கிறவர் பொருளையும் ஓசையையும் வைத்துப் புள்ளியைத் தானே போட்டுக்கொள்வார், பதிப்பித்தவர்கள் அதில் பட்ட பாடு தனிக்கதை. பாட்டில் அது நடக்கும். டேப் ஒட்டுகிறவருக்கு ஓசையும் கிடையாது, எதுகையும் கிடையாது.

"இப்போதெல்லாம் சாஃப்ட்வேரே புள்ளி வைத்துவிடுகிறதே" என்பீர்கள். வைக்கும். இணையாமல் தொங்கும் ஐ.சி.யின் காலைக்கூடக் காட்டிக்கொடுக்கும். ஆனால் உங்கள் படத்தை ஆறு வருடம் கழித்து, கறுப்பு வெள்ளைப் பிரிண்டில், மங்கலான ஒர்க்‌ஷாப் வெளிச்சத்தில் மல்டிமீட்டர் முனையோடு பார்க்கப்போகிற ரிப்பேர்காரருக்கு அது என்ன செய்யும்? அவர் உங்களுக்குப் போன் போட முடியாது. அன்று அந்த முப்பது போர்டிலும் தப்பான டிராக்கை வெட்டியது நான்தான். முழங்கையால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக. அந்த ரிப்பேர்காரர் யாருடைய டிராக்கையும் வெட்ட வேண்டாம் என்றுதான் இவ்வளவு கத்துகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். டிப்ளமோ முடித்த கையோடு ஒரு படத்தை வரைந்து முகம் தெரியாத ஆளுக்கு அனுப்பத் துணிந்தீர்களே, அந்த வயதில் எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை.

கோர்ஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள் இல்லையா? இருக்கட்டும், அந்த நிலையம் எங்கும் ஓடிவிடாது. வீட்டில் செத்துப்போன எமர்ஜென்சி லைட் ஏதாவது பரணில் கிடக்கும். பிளக்கில் செருகாமல், பேட்டரியைக் கழற்றிவிட்டுத் திறங்கள். பெரிய கெப்பாசிட்டரில் மின்சாரம் மிச்சம் இருக்கலாம், உடனே கை வைக்காதீர்கள். போர்டில் ஓடும் டிராக்கை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து, கிராஃப் தாளில் பென்சிலால் சர்க்யூட்டை வரையுங்கள். முதல் தடவை நூலாம்படை மாதிரித்தான் வரும். இன்னொரு தாள் எடுங்கள். கரண்ட் இடமிருந்து வலமாகப் போகட்டும், பாசிட்டிவ் மேலே, கிரவுண்ட் கீழே. நான்காவது தாளை மொபைலில் படம் பிடித்து எனக்கு அனுப்புங்கள். ரப்பரால் அழித்த தடம் தெரிந்தால் பரவாயில்லை, நான் முதலில் அதைத்தான் பார்ப்பேன்.