மதிப்பெண் இறங்கிய பிறகும் மருந்தை மாற்றச் சொல்வது ஏன்?

கேள்வி: நாங்கள் விசுவமடுவுக்கு அருகில் வசிக்கிறோம். என் தம்பிக்கு 29 வயது. 2009இல் அவருக்கு 13 வயது. எங்களோடு முள்ளிவாய்க்கால் வரை வந்து, பிறகு செட்டிகுளம் முகாமில் இருந்தவர். பத்தொன்பது வயதிலிருந்து மனச்சிதைவு நோய்க்கு மருந்து எடுக்கிறார். முதலில் ரிஸ்பெரிடோன், பின்னர் ஒலன்சபின். இந்த ஆண்டு தை மாதம் குளிசைகளை நிறுத்திவிட்டு மிகவும் குழம்பிய நிலையில் கிளிநொச்சி கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். வைத்தியர் நீண்ட நேரம் கேள்விகள் கேட்டு 104 என்று எழுதி, ஒலன்சபினை மீண்டும் தொடங்கினார். ஆனி மாதம் அதே கேள்விகளைக் கேட்டு 82 என்றார். சண்டை பிடிப்பது குறைந்துவிட்டது. ஆனால் குரல்கள் கேட்பது நிற்கவில்லை. வீட்டு வாசலைத் தாண்டுவதும் இல்லை. இப்போது குளோசபின் தொடங்க வேண்டும், கிழமைக்கு ஒருமுறை இரத்தம் எடுக்க வேண்டும் என்கிறார்கள். கனடாவிலுள்ள அண்ணாவோ, அமெரிக்காவில் வந்துள்ள புதிய மருந்து 21 புள்ளி குறைக்கிறது என்று செய்தி அனுப்பி, அதைக் கேட்கச் சொல்கிறார். பழைய மருந்திலேயே தம்பிக்கு 22 புள்ளி குறைந்திருக்கும்போது ஏன் மாற்ற வேண்டும்? மனநோயை எண்ணால் அளக்க முடியுமா? அல்லது அவரை வைத்து ஏதாவது ஆராய்ச்சி செய்கிறார்களா?

பதில்: சகோதரி, 21 பெரிதா 22 பெரிதா என்று நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. இந்த இரண்டு எண்களும் ஒரே அளவுகோலில் எடுக்கப்பட்டவை என்றாலும் ஒரே பொருளைச் சொல்பவை அல்ல என்பதுதான் அதற்குரிய விடை. நீங்கள் விவரித்ததைக் கொண்டு பார்த்தால், உங்கள் வைத்தியர் பயன்படுத்தியது 1987இல் கே, ஃபிஸ்பைன், ஒப்லர் ஆகியோர் வெளியிட்ட, சுருக்கமாகப் ‘பான்ஸ்’ எனப்படும் அளவுகோல் என்றே கொள்கிறேன். அதில் 30 அம்சங்கள் உள்ளன. குரல் கேட்டல், பிறர் தனக்குத் தீங்கு நினைக்கிறார்கள் என்ற நம்பிக்கை போன்றவை 7. முகத்தில் உணர்ச்சி குன்றுதல், ஒதுங்கியிருத்தல் போன்றவை 7. பதற்றம், மனச்சோர்வு முதலிய பொதுவானவை 16. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை புள்ளி உண்டு. அறிகுறி அறவே இல்லாவிட்டாலும் 1 இடப்படுவதால், நோயற்ற ஒருவருக்குக்கூட மொத்தம் 30 வரும்.

ஆகவே தம்பியின் முன்னேற்றத்தைக் கணக்கிடும்போது முதலில் இரு எண்களிலிருந்தும் 30ஐக் கழிக்க வேண்டும். 104 என்பது 74 ஆகிறது. 82 என்பது 52 ஆகிறது. குறைந்த 22ஐ 74ஆல் வகுத்தால் ஏறத்தாழ 30 வீதம் வருகிறது. ஜேர்மனியைச் சேர்ந்த ஸ்டீபன் லொய்க்ட் தலைமையிலான ஆய்வாளர்கள், வைத்தியர்கள் தங்கள் பொதுவான மதிப்பீட்டில் ‘சற்று மேல்’, ‘நன்றாக மேல்’ என்று சொன்ன நோயாளிகளின் பான்ஸ் எண்களை ஒப்பிட்டு 2005இல் வெளியிட்டனர். 25 வீதத்தை ஒட்டிய குறைவு ‘சற்று மேல்’ என்பதற்கும், 50 வீதத்தை ஒட்டிய குறைவு ‘நன்றாக மேல்’ என்பதற்கும் பொருந்தியது. அதே ஆய்வில் மொத்த எண் 58 அளவில் இருந்தவர்கள் இலேசான நோயுடையவர்களாகவும், 75 அளவில் இருந்தவர்கள் நடுத்தர நோயுடையவர்களாகவும், 95 அளவில் இருந்தவர்கள் தெளிவாகக் கடுமையுற்றவர்களாகவும் கருதப்பட்டிருந்தனர். உங்கள் தம்பி 82இல் நிற்கிறார். அதாவது நல்லது நடந்திருக்கிறது, ஆனால் போதியளவு நடக்கவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இரணைமடுக் குளத்தின் நீர்மட்டம் எத்தனை அடி என்று தெரிந்தாலும் எந்த வாய்க்காலில் நீர் ஓடுகிறது என்று தெரியாததுபோல, மொத்த எண் எந்த அறிகுறி குறைந்தது என்பதைச் சொல்லாது. நீங்கள் எழுதியதிலிருந்தே அது விளங்குகிறது: கோபமும் கொந்தளிப்பும் அடங்கின, குரல்களும் ஒதுங்கலும் அப்படியே இருக்கின்றன. எந்த மருந்து தொடங்கினாலும் முதலில் அடங்குபவை கொந்தளிப்பும் தூக்கமின்மையுமே. தவிரவும், தை மாதத்தில் அவர் குளிசைகளை விட்டு, மிக மோசமாக இருந்த வேளையில் அளக்கப்பட்டார். உச்சத்தில் எடுத்த அளவு பின்னர் ஓரளவு தானாகவே இறங்கும். அந்த 22 முழுவதையும் ஒலன்சபினின் கணக்கில் எழுத இயலாது.

இதே காரணத்தால்தான் அண்ணா அனுப்பிய 21ஐயும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர் குறிப்பிடுவது ஸனோமெலினும் ட்ரொஸ்பியமும் சேர்ந்த, 2024 செப்டெம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்தாக இருக்க வேண்டும். அதற்கு அடிப்படையான ஆய்வுகளில் ஒன்றில் 252 பேர் வைத்தியசாலையில் தங்கவைக்கப்பட்டு ஐந்து கிழமைகள் கவனிக்கப்பட்டனர். மருந்து பெற்றவர்களின் எண் சராசரியாக 21.2 குறைந்தது, தோற்றத்தில் ஒன்றேயான, மருந்தற்ற வெறும் குளிசை பெற்றவர்களின் எண்ணும் 11.6 குறைந்தது. மருந்தின் பங்கு என்று சொல்லத்தக்கது இடையிலுள்ள 9.6 மட்டுமே. வெறும் குளிசைக்கு எப்படி எண் குறைகிறது என்று நீங்கள் கேட்கலாம். ஒழுங்கான உறக்கமும் உணவும், நாள்தோறும் ஒருவர் அருகிலிருந்து கதைப்பதும், புதிய மருந்து பற்றிய நம்பிக்கையும், நான் மேலே சொன்ன உச்சத்திலிருந்து இறங்கும் இயல்பும் சேர்ந்து அதைச் செய்கின்றன. ஆய்வில் சேர்ப்பதற்குக் குறைந்தபட்ச எண் தேவைப்படும்போது அளப்பவரின் கை தொடக்கத்தில் சற்றுத் தாராளமாகப் புள்ளி இட்டுவிடுவதும் உண்டு என்பது இத்துறையில் உள்ளவர்கள் அறிந்த, அவ்வளவாக விரும்பிப் பேசாத விடயம். இதனால்தான் யாருக்கு எது கொடுக்கப்படுகிறது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்து, அளப்பவருக்கும் நோயாளிக்கும் மறைத்து வைக்கிறார்கள்.

அந்த 9.6 பயனற்றதல்ல, பழைய மருந்துகள் செயற்படும், மூளையிலுள்ள டோபமின் என்ற இரசாயனத்தின் வழியை விட்டு வேறு வழியில் இம்மருந்து செயற்படுவது உண்மையிலேயே முக்கியமானது. ஆனால் அந்த ஆய்வில் முன்னைய மருந்துகளுக்கு இணங்காத நோயுடையவர்கள் சேர்க்கப்படவில்லை. அப்படிப் போதிய பலன் கிடைக்காதவர்களுக்கு, ஏற்கெனவே எடுக்கும் மருந்தோடு இதையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த வேறோர் ஆய்வின் முடிவு 2025இல் வெளியானபோது, வெறும் குளிசைக்கும் இதற்கும் இடையே சராசரியாக 2 புள்ளி வேறுபாடே இருந்தது. அது தற்செயலாகவும் ஏற்பட்டிருக்கலாம் என்று ஒதுக்கத்தக்க அளவு. உங்கள் தம்பி இந்த இரண்டாவது கூட்டத்தையே ஒத்திருக்கிறார். அண்ணாவின் அக்கறையைக் குறை சொல்வதற்கில்லை, ஆனால் அவர் அனுப்பிய செய்தி வேறு ஆட்களைப் பற்றியது.

மாறாக, இரண்டு மருந்துகளைப் போதிய அளவில், ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஆறு கிழமைகளுக்குக் குறையாமல் எடுத்தும் பலன் கிடைக்காதவர்களுக்கு எந்த மருந்து என்ற கேள்விக்கு 1988இலேயே தெளிவான விடை கிடைத்துவிட்டது. அமெரிக்காவில் ஜோன் கேன் தலைமையில் நடந்த அந்த ஆய்வில், ஏற்கெனவே மூன்று மருந்துகளேனும் பயனளிக்காத 268 பேருக்குக் குலுக்கல் முறையில் குளோசபினோ, பழைய மருந்தான குளோர்ப்ரோமசினோ கொடுக்கப்பட்டது. ஆறு கிழமைகளில் குளோசபின் பெற்றவர்களில் 30 வீதத்தினரும் மற்றையோரில் 4 வீதத்தினரும் முன்னேறினர். முன்னேற்றம் என்பதற்கு அங்கே வைத்த வரம்பு மிக உயர்ந்ததல்ல. மேலும் பத்தில் ஏழு பேர் அந்த ஆறு கிழமைகளில் அதை எட்டவில்லை என்பதையும் நான் உங்களுக்கு மறைக்க விரும்பவில்லை. எனினும் வேறெந்த மருந்தும் இத்தகையவர்களிடம் இப்படியொரு வேறுபாட்டைக் காட்டியதில்லை, பலன் தெரியச் சிலருக்கு மாதங்கள் ஆவதும் உண்டு. 2003இல் வெளியான, 980 பேரை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த இன்னொரு ஆய்வில், தற்கொலை முயற்சிகள் ஒலன்சபின் எடுத்தவர்களைவிடக் குளோசபின் எடுத்தவர்களிடம் குறைவாக இருந்தன. புள்ளிகள் எப்படிப் போனாலும், இந்த ஒரு காரணத்துக்காகவே நான் இம்மருந்தைப் பெரிதாக மதிக்கிறேன்.

கிழமைதோறும் இரத்தம் எடுப்பது ஆராய்ச்சிக்காக அல்ல, பாதுகாப்புக்காக. 1975இல் பின்லாந்தில் இம்மருந்து எடுத்த சிலர், கிருமிகளை எதிர்க்கும் வெண்குருதிக் கலங்கள் அற்றுப்போனதால் இறந்தனர். அக்கலங்கள் அவ்வாறு அற்றுப்போவது நூறில் ஒருவருக்கும் குறைவு. அதிலும் பெரும்பகுதி முதல் 18 கிழமைகளுக்குள் நிகழ்வதால்தான் அந்தக் காலத்தில் கிழமைக்கொரு பரிசோதனை. அதன் பின்னர் இடைவெளி நீளும்.

மனநோயை எண்ணால் அளக்க முடியுமா என்ற உங்கள் கேள்விக்கு, முடியும், ஆனால் அளப்பவர் நோயாளியின் ஊரையும் வரலாற்றையும் அறிந்திருந்தால்தான் என்பேன். சந்தேகம் என்ற அம்சத்துக்கு எத்தனை புள்ளி என்று தீர்மானிக்கும்போது, வன்னியில் வளர்ந்த ஒருவர் ‘என்னை யாரோ கவனிக்கிறார்கள், விசாரிக்க வருவார்கள்’ என்று சொன்னால், அது நோயின் குரலா, வாழ்ந்த அனுபவத்தின் எச்சமா என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. இறந்துபோன உறவினரின் குரல் கேட்கிறது என்பதும் அப்படியே: துக்கத்தில் ஓரிரு முறை பெயர் சொல்லிக் கூப்பிடுவதாகக் கேட்பது வேறு, நாள் முழுதும் இருவர் தன்னைப் பற்றிக் கதைத்து ஏசுவதாகக் கேட்பது வேறு. ஒதுங்கியிருத்தலில் இன்னும் சிக்கல். தம்பி வெளியே போகாதது நோயினால் ஊக்கம் அற்றதாலா, ஒலன்சபின் தரும் தூக்கக் கலக்கத்தாலா, குரல்களுக்குப் பயந்தா, ஊரார் ‘விசர்’ என்பார்கள் என்ற கூச்சத்தாலா, அல்லது போவதற்கு ஒரு வேலையோ தோட்டமோ இல்லாததாலா? தாளில் இவை எல்லாவற்றுக்கும் ஒரே இடந்தான்; மருத்துவமோ ஒவ்வொன்றுக்கும் வேறு. பழமொழியின் பொருளைக் கேட்டுச் சிந்தனையை அளக்கும் அம்சமும் இதில் உண்டு. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து பள்ளிக்கூடம் குழம்பிப்போன ஒருவருக்கு அதில் புள்ளி இடும்போது நான் பலமுறை யோசிப்பேன்.

இவற்றைத் தீர்மானிப்பதில் உங்கள் பங்கு பெரிது. பான்ஸ் அளவுகோலில் சில அம்சங்கள், கடந்த ஒரு கிழமையில் நடந்ததைப் பற்றி வீட்டார் சொல்வதைக் கொண்டே நிரப்பப்படுகின்றன. எத்தனை மணிக்குப் படுத்தார், தானாகக் குளித்தாரா, தனியே சிரித்தாரா, யாருடனாவது இருந்து சாப்பிட்டாரா என்று ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போனால், ‘பரவாயில்லை ஐயா’ என்ற விடையைவிட அது வைத்தியருக்கு எவ்வளவோ உதவும். குளிசைகளை அவர் உண்மையில் விழுங்கினாரா என்பதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். அமெரிக்காவில் 1493 பேரைச் சேர்த்து நடத்தி 2005இல் வெளியிட்ட பெரும் ஆய்வில், 18 மாதங்களுக்குள் 74 வீதத்தினர் முதலில் கொடுத்த மருந்தை ஏதோவொரு காரணத்தால் நிறுத்தியிருந்தனர். குளிசையை விடுவது உங்கள் வீட்டில் மட்டும் நடக்கும் குற்றமல்ல. ஆனால் ரிஸ்பெரிடோனையும் ஒலன்சபினையும் அவர் ஒழுங்காக எடுக்கவில்லை என்றால், மருந்து தோற்றது என்று சொல்ல முடியாது. அப்போது முதலில் மாதாந்த ஊசியைப் பற்றி யோசிப்பதே முறை. கஞ்சா, கசிப்புப் பழக்கம் இருந்தாலும் அதைச் சொல்ல வேண்டும்.

ஆராய்ச்சி பற்றிய ஐயத்துக்கு வருகிறேன். கிளினிக்கில் மதிப்பெண் இடுவது, நீரிழிவுக்குச் சீனி பார்ப்பதைப் போன்ற வழக்கமான மருத்துவச் செயல்தான். ஆராய்ச்சியில் சேர்ப்பதென்றால் ஒழுக்கவியல் குழுவின் அனுமதி வேண்டும், விளங்கும் தமிழில் எழுதிய தகவல் தாளைத் தந்து கையெழுத்துப் பெற வேண்டும், எப்போது விலகினாலும் வழக்கமான சிகிச்சை தடைப்படக் கூடாது. உங்களிடம் எவரும் அப்படிக் கையெழுத்து வாங்கவில்லை என்றால், ‘இது ஆய்வுக்கானதா?’ என்று நேரடியாகக் கேட்பதில் தவறில்லை.

அடுத்த முறை போகும்போது, முதல் கிழமைகளின் இரத்தத்தை அருகிலுள்ள வைத்தியசாலையில் எடுத்து முடிவை அனுப்ப வழியுண்டா என்று கேளுங்கள். கிழமைதோறும் கிளிநொச்சிக்கு ஒரு நாள் கூலியை விட்டுப் போய்வருவது எந்தக் குடும்பத்துக்கும் எளிதல்ல, அந்தக் களைப்பினாலேயே நல்ல மருந்து பாதியில் நின்றுபோகிறது. தொடங்கிய பின் காய்ச்சலோ தொண்டை நோவோ வந்தால் பனடோல் கொடுத்துக் காத்திராமல், அன்றே வைத்தியசாலைக்குப் போய் ‘குளோசபின் எடுக்கிறார்’ என்று முதலில் சொல்லுங்கள். மலச்சிக்கலை அற்பமாக எண்ண வேண்டாம். இம்மருந்தினால் குடல் அசையாமல் நின்று உயிராபத்து ஏற்பட்டதுண்டு, ஆகவே இரண்டு நாட்கள் மலம் போகாவிட்டாலே வைத்தியரிடம் தெரிவியுங்கள். நெஞ்சு நோவு, மூச்சு முட்டுதல், வலிப்பு ஆகியவற்றுக்கு 1990 என்ற இலக்கத்தில் அவசர வண்டியை அழையுங்கள். அவர் சுருட்டோ சிகரட்டோ புகைப்பவராயின், திடீரென விட்டால் இரத்தத்தில் மருந்தின் அளவு உயரும் என்பதால், விடுவதற்கு முன் கிளினிக்கில் சொல்ல வேண்டும். இரண்டு நாட்களுக்கு மேல் குளிசை தவறினால் விட்ட அளவிலிருந்து நீங்களாகத் தொடங்காதீர்கள். சிறிய அளவிலிருந்து மீண்டும் ஏற்றிக் கொடுக்க வேண்டியது வைத்தியரின் வேலை.