லேசான எஃகு வீடும் நிலநடுக்கமும்: மகள் கேட்கும் மேற்படிப்பு சரிதானா?

சிவில் முடிக்கப்போகும் உங்கள் மகள், லைட் கேஜ் ஸ்டீல் கட்டடங்கள் (மெல்லிய எஃகுத் தகட்டை மடித்துச் செய்த சட்டங்களால் கட்டியவை) நிலநடுக்கத்தில் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன என்பதை மேற்படிப்பில் எடுக்க ஆசைப்படுகிறாள். "தகரச் சட்டத்தைப் படித்து என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான பயம்தான். ஆனால் துறை நீங்கள் நினைப்பதைவிடப் பெரியது.

நிலம் குலுங்கும்போது கட்டடத்தின் மேல் வரும் விசை பெரும்பாலும் அதன் எடையைப் பொறுத்தது. எடை குறைந்தால் விசையும் குறையும். அதனாலேயே பாதுகாப்பு வந்துவிடாது. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிமனே உள்ள தகட்டை மடித்துச் செய்த தூண், அழுத்தம் கூடினால் சட்டென்று நெளிந்துவிடும். எனவே சேதம் எங்கே நடக்க வேண்டும் என்பதை வடிவமைப்பவரே முன்கூட்டித் தீர்மானிக்கிறார். சுவர்ப் பலகையைச் சட்டத்தோடு பிணைக்கும் ஸ்க்ரூக்கள் சாய்ந்து, துளையை மெல்ல அகட்டி, அதிர்வின் ஆற்றலை வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்கு முன்னால் சுவரின் ஓரத்தூண் நெளியக்கூடாது. அதை அடித்தளத்தோடு இழுத்துப் பிடிக்கும் ஹோல்ட் டவுன் பிய்ந்து வரக்கூடாது. இந்த வரிசையைக் கணக்குப் போட்டு உறுதி செய்யத் தெரிந்தவருக்குத்தான் மதிப்பு.

2013-இல் அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் இந்த வகையில் கட்டிய ஒரு முழு இரண்டு மாடிக் கட்டடத்தை அதிர்வு மேடையில் ஏற்றிக் குலுக்கினார்கள். கணக்கில் ஷியர் வால்களை, அதாவது பக்கவாட்டு விசையைத் தாங்கவென்றே அமைத்த சுவர்களை மட்டுமே நம்பியிருந்தார்கள். மற்றச் சுவர்களும் பூச்சுப் பலகைகளும் சேர்ந்து கட்டடத்தை எதிர்பார்த்ததைவிட விறைப்பாக்கின. 2016-இல் அதே நாட்டின் சான் டியாகோவில் இதே வகை ஆறு மாடிக் கட்டடம். முதலில் அதிர்வு, அப்புறம் தீ, மறுபடி அதிர்வு. கணக்குக்கும் நிஜக் கட்டடத்துக்கும் இடையே இன்னும் இடைவெளி இருக்கிறது. ஆராய்ச்சிக்கு ஆள் தேவைப்படுவது அதனால்தான்.

சரி, என் யோசனை இதுதான். பட்டம் 'ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிங்' என்றே இருக்கட்டும். இந்தத் தலைப்பை ஆய்வுக்கட்டுரையில் வைத்துக்கொள்ளட்டும். ஸ்ட்ரக்சுரல் டைனமிக்ஸும் (கட்டடம் அதிரும் விதம் பற்றிய பாடம்) எஃகு நெளிவு பற்றிய பாடமும் இல்லாத கல்லூரியை நான் பரிந்துரைக்க மாட்டேன். சேரும் முன், முழு அளவுச் சுவரை நிறுத்திச் சோதிக்க ஆய்வகத்தில் வசதி உண்டா, அந்தப் பேராசிரியரின் பழைய மாணவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

வடிவமைப்பு நிறுவனம், முன்தயாரிப்புக் கட்டடத் தொழிற்சாலை, பழைய கட்டடங்களை வலுப்படுத்தும் வேலை என்று வாய்ப்புகள் உண்டு. முதல் வேலை கான்கிரீட்டில் அமைந்தாலும் தயங்காமல் சேரலாம். விசைக் கணக்கின் அடிப்படை அங்கேயும் அதேதான்.

விண்ணப்பத்துக்குப் பணம் கட்டும் முன், ஒரு சின்ன இரண்டு மாடி வரைபடத்தை எடுத்து, கூரையில் தொடங்கி அடித்தள போல்ட் வரை விசை போகும் வழியை அவளே கையால் கணக்கிட்டுப் பார்க்கட்டும். நிலநடுக்கத்தில் கட்டடம் எப்படி நடந்துகொள்ளும் என்று கணினியில் கணக்கிடும் ஓபன்சீஸ் மென்பொருள் படிப்புக்கு இலவசம்தான். அதை அப்புறம் தொடலாம்.