மதியத்துக்கு மேல் சோலார் உற்பத்தி சரிவது பற்றி

வணக்கம். 3 கிலோவாட் சோலார், மதியம் 2 மணிக்கு மேல் உற்பத்தி சட்டென்று குறைகிறது, பேனல் பழுதா என்று கேட்டிருந்தீர்கள். பேனலை மாற்ற அவசரப்படாதீர்கள். உங்கள் படத்தில் தண்ணீர்த் தொட்டியின் நிழல் இரண்டு பேனல்களின் ஓரத்தில் விழுகிறதே, எனக்கு அதில்தான் சந்தேகம்.

பேனலில் கட்டம் கட்டமாகத் தெரியும் சிலிக்கான் செல் ஒவ்வொன்றும் சுமார் அரை வோல்ட்தான் தரும். அதனால் செல்களைத் தொடராக இணைத்திருப்பார்கள். ஒன்றில் நிழல் விழுந்தாலே அந்தத் தொடரின் மின்னோட்டம் தடைபடும். பேனலுக்குப் பின்னால் இருக்கும் பைபாஸ் டையோடு மின்சாரத்தை வேறு வழியில் கடத்திவிடும். ஆனால் அந்தப் பகுதியின் உற்பத்தி போனது போனதுதான். கையகல நிழலுக்கு இவ்வளவு இழப்பு!

நாளை நிழல் தொடும் நேரமும் இன்வெர்ட்டர் ஆப்பில் உற்பத்திக் கோடு சரியும் நேரமும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போனால் தொட்டியையோ அந்த இரண்டு பேனல்களையோ இடம் மாற்றுவதே நல்லது. முடியாதென்றால் ஒரு பேனலின் நிழல் மற்ற பேனல்களைப் பாதிக்காமல் தனித்தனியாக இயங்க வைக்கும் ஆப்டிமைசர் என்ற சிறு கருவியைப் பொருத்தலாம். உங்கள் இன்வெர்ட்டருக்கு ஒத்துவருமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.