அதே வகுப்பில் இன்னொரு வருடமா? பெற்றோரிடம் எப்படிச் சொல்வது?

கேள்வி: நான் இரண்டாம் வகுப்பு ஆசிரியை. என் மாணவன் ஒருவனுக்கு இன்னும் எழுத்துக்கூட்டி வாசிக்க வரவில்லை. அவனை இன்னொரு வருடம் இதே வகுப்பில் வைக்கலாமா என்று தலைமையாசிரியர் யோசிக்கிறார். பெற்றோரோ அவன் நன்றாகப் படிப்பதாகவே நம்புகிறார்கள். இந்தப் பேச்சை எப்படித் தொடங்குவது?

பதில்: அவர்களுடைய நம்பிக்கைக்கு அவனது நோட்டே காரணமாக இருக்கலாம். கரும்பலகையில் உள்ளதை முத்து முத்தாக எழுதிவிடும் குழந்தை, தான் எழுதிய அதே வரியை வாசிக்கச் சொன்னால் முதல் எழுத்தைப் பார்த்து மீதியை ஊகித்து, 'பட்டம்' என்பதைப் 'பள்ளம்' என்று சொல்வதை நீங்கள் நாள்தோறும் பார்க்கிறீர்கள்; வீட்டில் அந்தப் பக்கங்களைப் புரட்டுகிறவர்களுக்கு அது தெரிய வழியில்லை. ஆகவே, அவன் பார்த்து எழுதிய ஒரு பக்கத்தையும், நீங்கள் சொல்லச் சொல்ல எழுதிய ஒரு பக்கத்தையும் அருகருகே வைத்துக் காட்டுவதிலிருந்து தொடங்குங்கள். அவனையே அழைத்து அவர்கள் எதிரில் வாசிக்க வைக்க மட்டும் வேண்டாம்.

முதல் சந்திப்பில் முடிவைப் பற்றிப் பேசாதீர்கள். நீங்கள் எவ்வளவு மென்மையாகச் சொன்னாலும், 'பெயில்' என்ற ஒரு சொல்தான் அவர்கள் காதில் விழும். அதன்பின் நீங்கள் சொல்லும் எதுவும் உள்ளே போகாது. கேட்க வேண்டியவற்றைக் கேளுங்கள்: கண்ணையும் காதையும் பரிசோதித்திருக்கிறார்களா, வீட்டில் யாராவது அவனுக்குக் கதை வாசித்துக் காட்டுகிறார்களா, பள்ளிக்குக் கிளம்பும்போது வயிற்று வலி என்கிறானா. சரியாகக் காது கேட்காத குழந்தையைக் கவனமில்லாதவன் என்று நாம் எண்ணிவிடுவது எளிது.

இனி, தலைமையாசிரியரிடம் நீங்கள் பேச வேண்டியது. அவனை நிறுத்திவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. கல்வி ஆய்வாளர் தாமஸ் ஹோம்ஸ் 1989-இல் இதுபற்றிய 63 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, 54 ஆய்வுகளில் விளைவு பாதகமாகவே இருந்தது. முதல் வருடம் மதிப்பெண் சற்று ஏறினாலும், அந்த ஏற்றம் பெரும்பாலும் நிலைப்பதில்லை. கவோரு யமமோட்டோ 1979-இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளிக் குழந்தைகள் தங்களை மிகவும் கலங்கவைப்பதாகச் சொன்னவற்றில், பெற்றோரை இழப்பதற்கும் பார்வையை இழப்பதற்கும் அடுத்ததாக, அதே வகுப்பில் மறுபடி இருக்க நேர்வதே இடம்பெற்றது. ஏழு வயதுக் குழந்தைக்கு அது எவ்வளவு பெரிய பாரம் என்பதை நாம் நின்று யோசிக்க வேண்டும். இந்த வருடம் பலன் தராத அதே பாடத்தை அதே முறையில் திரும்ப நடத்துவதால் என்ன மாறும் என்று கேளுங்கள். தினமும் அரை மணி நேரம் அவனுக்கென்று தனியாக வாசிப்புப் பயிற்சி தர முடியுமென்றால், அதை மூன்றாம் வகுப்பிலேயே தரலாம் அல்லவா?

இரண்டு வாரம் கழித்து நடக்கும் இரண்டாவது சந்திப்பில், இரண்டு வழிகளையும் அவற்றின் நன்மை தீமைகளோடு பெற்றோர் முன் வையுங்கள். அவர்கள் கோபப்பட்டால் குறுக்கிடாமல் கேளுங்கள். அந்தக் கோபத்துக்கு அடியில் பெரும்பாலும் 'நாங்கள் கவனிக்காமல் விட்டுவிட்டோமோ' என்ற வேதனைதான் இருக்கும்.

கடைசியில் நிறுத்திவைப்பது என்றே முடிவானாலும், அதை அவனிடம் தாயும் தந்தையும் சேர்ந்து, விடுமுறை தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். பள்ளி திறக்கும் நாளில், தன் நண்பர்கள் அடுத்த அறைக்குள் நுழைவதைப் பார்த்து அவன் அதைத் தெரிந்துகொள்ளும்படி விட்டுவிடாதீர்கள்.