வெறுமையான கூடம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மடிப்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம். வீடு வாங்கியபோதே, தேவையில்லாத எதையும் உள்ளே சேர்ப்பதில்லை என்று நானும் கணவரும் முடிவு செய்துகொண்டோம். வெள்ளைச் சுவர்கள், வெள்ளை விட்ரிஃபைடு டைல்ஸ், பன்னிரண்டுக்குப் பதினெட்டு அடியில் ஒரு கூடம், அதில் சுவரை ஒட்டி நீளமான சாம்பல் நிற சோஃபா, எதிரே தொலைக்காட்சி, கைப்பிடிகள் இல்லாத அலமாரிகள். அவ்வளவுதான். எங்களுக்கு இந்த எளிமை பிடித்திருக்கிறது. ஆனால் திருநெல்வேலியிலிருந்து வரும் மாமியார், "ஆஸ்பத்திரியில இருக்க மாதிரியே இருக்கும்மா" என்கிறார். உறவினர்கள் வந்தால் பத்து நிமிடங்களில் எழுந்துவிடுகிறார்கள். மகள் சத்தமாகப் பேசினால் கூடம் முழுவதும் எதிரொலிக்கிறது. ஷோகேஸ் வையுங்கள், சுவரில் ஸ்டிக்கர் ஒட்டுங்கள், பிளாஸ்டிக் செடிகள் வாங்குங்கள் என்று ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். மறுபடியும் பொருள்களைக் குவிக்க எனக்கு விருப்பமில்லை. குவிக்காமலேயே இந்த வீட்டை வருபவர்கள் மனம் ஒன்றி உட்காரும் இடமாக மாற்ற முடியுமா?

எஸ்., சென்னை

அன்புள்ள எஸ்.,

முடியும். உங்கள் மாமியார் சொன்னதைக் குறையாக எடுத்துக்கொள்ளாமல் அதற்கான காரணத்தைத் தேடியிருக்கிறீர்கள் என்பதே பாதி வழியைக் கடந்தது போலத்தான். அவர் உணர்வது உண்மை. ஆனால் பொருள்கள் குறைவாக இருப்பது அதற்குக் காரணம் அல்ல. கண்ணும் காதும் கையும் காலும் வீட்டைச் சந்திக்கும் இடங்களெல்லாம் அங்கே ஒரே மாதிரியாகவும் இறுக்கமாகவும் இருக்கின்றன என்பதும், வந்தவர் எங்கே, யாரைப் பார்த்து உட்கார வேண்டும் என்பதை அந்தக் கூடம் யோசித்துவைக்கவில்லை என்பதுமே காரணம். ஷோகேஸில் ஐம்பது பொம்மைகளை அடுக்கினாலும் இந்தக் குறை அப்படியே இருக்கும்.

நம் பழைய வீடுகளிலும் பொருள்கள் குறைவுதான். கூடத்தில் ஓர் ஊஞ்சலோ மரப் பெஞ்சோ இருக்கும்; மூலையில் சுருட்டிவைத்த பாய்கள் இருக்கும்; ஆள் வந்தால் பாய் விரியும், போனால் மறுபடி சுருளும். சிவப்பு ஆக்ஸைடு தரை, முற்றத்திலிருந்து சாய்வாக உள்ளே வரும் வெளிச்சம், பல தலைமுறைகள் கை வைத்து வழவழப்பான மரத்தூண் ஆகியவற்றுக்கு மேல் அந்தக் கூடத்துக்கு அலங்காரம் தேவைப்படவில்லை. அந்த வீடுகளை அப்படியே திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. திண்ணையைத் தாண்டி யார் உள்ளே வரலாம் என்பதைச் சாதி முடிவு செய்த வீடுகள் அவை. புகை சூழ்ந்த சமையலறைகளில் பெண்கள் மூச்சுத் திணறிய வீடுகளும்கூட. அவற்றிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, குறைவான பொருள்களைக் கொண்டே ஒரு கூடத்தை நிறைவாக்க முடியும் என்ற சான்றை மட்டுமே.

ஆஸ்பத்திரி என்று மாமியார் சொன்னதால், உண்மையான ஒரு மருத்துவமனையைப் பற்றியே சொல்கிறேன். பின்லாந்தில் பைமியோ என்ற ஊரில், கட்டடக்கலைஞர் அல்வார் ஆல்ட்டோ வடிவமைத்த காசநோய் மருத்துவமனை 1933இல் திறக்கப்பட்டது. வெள்ளைச் சுவர்களும் மிகக் குறைவான பொருள்களும் கொண்ட கட்டடம் அது. ஆனால் நோயாளி நாள் முழுவதும் படுத்தபடி மேலேயே பார்த்துக்கொண்டிருப்பார் என்பதை எண்ணி, அறைகளின் கூரைக்கு மட்டும் மங்கலான பச்சை நிறம் பூசினார்கள். விளக்கு கண்ணில் நேராக விழாத இடத்தில் பொருத்தப்பட்டது. பக்கத்துக் கட்டிலில் இருப்பவரின் தூக்கம் கெடாமலிருக்க, தண்ணீர் சத்தமின்றி விழும்படி கைகழுவும் தொட்டியின் சரிவை அமைத்தார்கள். அந்தக் காலத்தில் புதுமையாகக் கருதப்பட்ட எஃகுக் குழாய் நாற்காலிகள் தொடுவதற்குச் சில்லென்றிருக்கும் என்பதால், அங்கே உட்காருவதற்காக வளைத்த பிர்ச் மரத்தில் ஒரு நாற்காலியை உருவாக்கினார் ஆல்ட்டோ. ஒளி, ஒலி, தொடுகை ஆகிய மூன்றைத்தான் அவர் கவனித்தார். உங்கள் கூடத்திலும் அந்த மூன்றிலிருந்தே தொடங்க வேண்டும்.

முதலாவது விளக்கு. உங்கள் வீட்டு விளக்குகளின் அட்டைப்பெட்டியைப் பாருங்கள். பெரும்பாலும் 6500 கெல்வின் என்று அச்சிட்டிருக்கும்; ஒளியின் நிறத்தைச் சொல்லும் அலகு கெல்வின். 6500 என்பது மேகமூட்டமான பகலின் நீலம் கலந்த வெண்மை. பழைய குண்டு பல்பின் ஒளி ஏறத்தாழ 2700 கெல்வின். எண் குறையக் குறைய ஒளியில் மஞ்சள் கூடும். நம் வீடுகளில் டியூப்லைட் ஒரு காலத்தில் பெருமையாக இருந்தது. வெப்பமான ஊரில் வெண்மையான ஒளி குளிர்ச்சியாகத் தோன்றும் என்பதும், பிரகாசமாக இருந்தால்தான் வீடு சுத்தமாகத் தெரியும் என்ற எண்ணமும் அதற்குக் காரணங்கள். ஆனால் வெள்ளைச் சுவரும் பளபளக்கும் வெள்ளைத் தரையும் அந்த ஒளியை எல்லாப் பக்கமும் சமமாகத் திருப்பி அனுப்புவதால், கூடத்தில் நிழல் என்பதே இல்லாமல் போகிறது. மனித முகங்கள் வெளிறித் தெரிகின்றன. வந்தவர் சீக்கிரம் எழுந்து போவதில் இதற்கும் பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன்.

எனவே கூடத்துக்கும் படுக்கையறைக்கும் 2700 முதல் 3000 கெல்வின் வரையிலான விளக்குகளை வாங்குங்கள். நிறங்களை உள்ளபடி காட்டும் திறனைக் குறிக்கும் சிஆர்ஐ எண் 90 அல்லது அதற்கு மேல் இருக்கட்டும். தோலின் நிறமும் மரத்தின் நிறமும் அப்போதுதான் உயிரோடு தெரியும். கூரையின் நடுவே ஒரே பெரிய விளக்குக்குப் பதிலாக, சோஃபாவின் பக்கத்தில் ஒரு நிற்கும் விளக்கு, சுவரை நோக்கித் திருப்பிய ஒன்று, சாப்பாட்டு மேசைக்கு மேல் தாழ்வாகத் தொங்கும் ஒன்று என்று மூன்று சிறிய விளக்குகள் வைத்தால், ஒரே கூடம் மாலையில் சில சிறிய இடங்களாகப் பிரிந்து நிற்கும். காய்கறி நறுக்கும் மேடைக்கும் மகள் படிக்கும் மேசைக்கும் 4000 கெல்வின் பொருத்தம். இங்கே ஓர் எச்சரிக்கை: மங்கலான வெளிச்சம்தான் இதமானது என்று நினைத்துவிடாதீர்கள். அறுபது வயதில் கண்ணின் விழித்திரையை எட்டும் ஒளி, இருபது வயதில் எட்டுவதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். மாமியார் நாளிதழ் படிக்கும் இடத்தில் அவருக்கென்று ஒரு நல்ல விளக்கு கட்டாயம் வேண்டும். கழிவறைக்குப் போகும் வழி இரவில் இருட்டாக இருக்கக் கூடாது.

அடுத்து, எதிரொலி. 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம், ஃபாக் அருங்காட்சியகத்தின் விரிவுரை அரங்கில் பேச்சே புரியாததற்கான காரணத்தைக் கண்டுபிடிக்கும்படி சொன்னார்கள். அவர் அருகிலிருந்த நாடக அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து அடுக்கி, ஒவ்வொரு அடுக்குக்கும் ஒலி அடங்கும் நேரம் எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். அறையின் கனஅளவும், அதிலுள்ள பரப்புகள் ஒலியை உறிஞ்சும் அளவும் சேர்ந்தே அந்த நேரத்தைத் தீர்மானிக்கின்றன என்ற சூத்திரம் அப்படித்தான் பிறந்தது. உங்கள் கூடத்தின் உயரம் பத்தடி என்று வைத்துக்கொண்டு, சோஃபாவைச் சேர்க்காமல், அதே சூத்திரத்தில் தோராயமாகப் போட்டுப் பார்த்தால், ஒலி அடங்க இரண்டரை நொடி ஆகிறது. பால்கனிக் கதவுக்கு எட்டுக்கு எட்டடியில் கனமான, மடிப்புகள் நிறைந்த ஒரு திரைச்சீலை போட்டாலே அது ஒன்றரை நொடி அளவுக்கு இறங்கிவிடும். தரையில் ஒரு விரிப்பும், சுவரில் ஒரு திறந்த புத்தக அலமாரியும் சேர்ந்தால் இன்னும் குறையும். திரைச்சீலையை வாங்கும்போது மட்டும் துணியில் கஞ்சத்தனம் காட்ட வேண்டாம்; ஜன்னலின் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு துணி இருந்தால்தான் மடிப்பு விழும், மடிப்புதான் ஒலியை வாங்கும்.

தொடுகையைப் பொறுத்தவரை, குளிர்நாட்டுப் பத்திரிகைகளில் வரும் அடர்ந்த கம்பளங்களைச் சென்னைக்குக் கொண்டுவராதீர்கள். சித்திரை வெயிலில் வெறுங்காலுக்கு டைல்ஸின் குளிர்ச்சி ஒரு வரம். டைல்ஸும் மரமும் ஒரே வெப்பநிலையில் இருந்தாலும், டைல்ஸ் காலிலிருந்து வெப்பத்தைப் பல மடங்கு வேகமாக வாங்கிக்கொள்கிறது. அதனால்தான் அது சில்லென்று தெரிகிறது. தரை முழுவதையும் மூட வேண்டியதில்லை. உட்காரும் இடத்திலும் மகள் விளையாடும் இடத்திலும் ஒரு பவானி ஜமக்காளமோ பத்தமடைப் பாயோ போதும். பருத்தி ஜமக்காளத்தைத் துவைத்து உலர்த்தலாம். சணல் விரிப்பு ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும் என்பதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கைப்பிடியில்லாத அலமாரிகளில், தினமும் திறக்கும் நான்கைந்துக்கு மட்டுமாவது மரக் கைப்பிடி பொருத்துங்கள். விரல் பிடிக்க ஓரிடம் கிடைக்கும், வெள்ளைக் கதவில் கைரேகையும் படியாது.

இனி நான் மிக முக்கியமாகக் கருதும் விஷயம். 1950களின் பிற்பகுதியில் கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் ஒரு மருத்துவமனையில், வயதான பெண்களுக்கான கூடத்தைப் புதுப்பித்திருந்தார்கள். புது நாற்காலிகள், பளிச்சென்ற நிறங்கள் எல்லாம் இருந்தும் அங்கிருந்தவர்கள் ஒருவரோடொருவர் பேசவே இல்லை. மனநல மருத்துவர் ஹம்ஃப்ரி ஆஸ்மண்டும் உளவியலாளர் ராபர்ட் சோமரும் கவனித்துப் பார்த்தபோது, நாற்காலிகள் சுவரை ஒட்டி வரிசையாகப் போடப்பட்டிருந்தன. பக்கத்திலிருப்பவரிடம் பேசக் கழுத்தைத் திருப்ப வேண்டும், எதிரிலிருப்பவரோ மிகத் தொலைவில். சிறிய சதுர மேசைகளைச் சுற்றி நாற்காலிகளை மாற்றிப் போட்டார்கள். முதலில் அந்தப் பெண்களுக்கே அது பிடிக்கவில்லை. ஆனால் சில வாரங்களில் பேச்சு ஏறத்தாழ இரண்டு மடங்கானது.

உங்கள் கூடத்தில் விருந்தினர் அனைவரும் ஒரே சோஃபாவில் வரிசையாக உட்கார்ந்து தொலைக்காட்சியைப் பார்க்கிறார்கள். நீங்கள் சமையலறை வாசலில் நின்றபடி பேசுகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். சோஃபாவைச் சுவரிலிருந்து சற்று முன்னே இழுத்து, அதற்குச் செங்கோணத்தில் இரண்டு மர நாற்காலிகளைப் போடுங்கள். உட்கார்ந்திருப்பவர்களின் முகங்களுக்கு இடையே ஐந்து, ஆறடிக்கு மேல் இடைவெளி வேண்டாம். டம்ளர் வைக்கக் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சிறு முக்காலி இருக்கட்டும். நாற்காலிகளில் ஒன்று தரையிலிருந்து பதினெட்டு அங்குல உயரத்தில், கை வைக்கும் பிடியோடு இருக்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களால் தாழ்ந்த சோஃபாவிலிருந்து எழ முடிவதில்லை. எழ முடியாத இடத்தில் யாரும் நிம்மதியாக உட்காருவதில்லை. இந்த வீட்டுக்கு நீங்கள் புதிதாக வாங்க வேண்டிய பெரிய பொருள்கள் என்றால் இந்த இரண்டு நாற்காலிகள் மட்டும்தான்.

செடி வேண்டுமென்றால் உயிருள்ளதாக ஒன்றோ இரண்டோ போதும். ஜன்னலோரத்தில் மணி பிளாண்ட் நன்றாக வரும். பிளாஸ்டிக் செடி தூசியைத்தான் சேர்க்கும்.

சுவர் நிறத்தை இப்போது தொடாதீர்கள். முதலில் விளக்குகளை மாற்றி, சில வாரங்கள் அந்த ஒளியிலேயே இருந்து பாருங்கள். 6500 கெல்வினில் நீலம் பாய்ந்த அதே வெள்ளை, 2700இல் பாலாடை நிறத்துக்கு வந்துவிடும் என்பதால் பூசும் தேவையே எழாமல் போகலாம். அப்படியும் வேண்டுமென்று தோன்றினால், மஞ்சளோ சிவப்போ துளி கலந்த வெள்ளைகளில் இரண்டு மூன்றைத் தேர்ந்து, இரண்டடிச் சதுரமாகச் சுவரிலேயே பூசி, காலையிலும் இரவு விளக்கிலும் பார்த்து முடிவு செய்யுங்கள். மழை ஓய்ந்து சுவர் உலர்ந்த பிறகு, தை மாதத்தில் வேலையை வைத்துக்கொள்வது நல்லது.