தலையசைத்தவர்களே வேலையை நிறுத்தியது ஏன்? – பதில்

வணக்கம். சமுதாயக் கூடத்தின் வரைபடத்தை மூன்று கூட்டங்களில் காட்டியபோது அதைப் பயன்படுத்தப்போகும் மக்கள் அனைவரும் தலையசைத்தார்கள் என்றும், அடித்தளத்துக்குக் குறி போட்ட அன்றே வாசல் தவறான பக்கம் இருப்பதாகச் சொல்லி வேலையை நிறுத்திவிட்டார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் பேச்சு மாறியதாக எனக்குத் தோன்றவில்லை. வரைபடத்தைப் படிப்பது கட்டட வடிவமைப்பாளர்களான நமக்குப் பல ஆண்டுப் பயிற்சியில் வந்த திறன். பலருக்கு அது வெறும் கோடுகள்தான், அதைச் சபையில் ஒப்புக்கொள்ளவும் கூச்சமாக இருக்கும். தரையில் விழுந்த அந்தக் குறிதான் அவர்களுக்குப் புரிந்த முதல் வரைபடம்.

ஆகவே அடுத்த கூட்டத்தை மனையிலேயே நடத்துங்கள். முளையடித்துக் கயிறு கட்டி, சுண்ணாம்புப் பொடியால் சுவர்களை முழு அளவில் கோடிட்டு, வாசலுக்கு இடைவெளி விட்டு, அவர்களை உள்ளே நடக்கச் சொல்லுங்கள். சக்கர நாற்காலியில் வருபவர் எங்கே திரும்பத் திணறுகிறார் என்பதைப் பார்த்த கையோடு கயிற்றை நகர்த்திவிடலாம். இங்கிலாந்தின் நியூகாசிலில் பைக்கர் குடியிருப்பை வடிவமைத்த ரால்ஃப் எர்ஸ்கினின் குழு, அப்பகுதியில் ஈமச்சடங்கு நிறுவனம் இயங்கிய பழைய கட்டடத்தையே அலுவலகமாக்கிக்கொண்டதால், குடியிருப்போர் நினைத்த நேரத்தில் உள்ளே வந்து பேச முடிந்தது. (கூட்டத்துக்கே வராதவர்களை இப்படித்தான் சந்திக்க முடியும்.)

பணத்தின் எல்லையையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சிலியின் இக்கிகே நகரில் 2004இல் முடிந்த கின்டா மான்ராய் வீட்டுத் திட்டத்தில், அரசு மானியம் முழு வீட்டுக்குப் போதாது என்பதைக் குடும்பங்களிடம் வெளிப்படையாகப் பேசிய எலமென்டல் என்ற கட்டட வடிவமைப்புக் குழு, சமையலறை, குளியலறை, மாடிப்படி போன்ற கடினமான பாதியைக் கட்டித்தந்து, மீதியை அவர்கள் கட்டிக்கொள்ள இடம் விட்டது.

இந்தக் கூடுதல் நாட்களுக்கான கட்டணத்தை, அடுத்த வேலையிலிருந்தாவது, ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.